பழைய சி10 பிக்கப்பில் டிஸ்க் பிரேக் பொருத்திய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகக் கண்டறியும் வழிமுறை

செவ்ரோலெட், ஜிஎம்சி நிறுவனங்களின் இலகுரகப் பிக்கப் வண்டிகளில் முன்சக்கர டிஸ்க் பிரேக் 1971 மாடலிலிருந்துதான் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. அதற்கு முந்திய சி10 (செவ்ரோலெட்டின் அரை டன் பிக்கப்) வண்டிகள் நான்கு சக்கரங்களிலும் டிரம்முடன் அமெரிக்கச் சாலைகளில் ஓடியவை. அவற்றை இன்றும் பராமரித்து ஓட்டுவோர் முதலில் செய்ய நினைக்கும் மாற்றம் முன்பக்கத்துக்கு டிஸ்க் வைப்பதுதான். ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சு), ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்), காலிப்பர் (அதை இரு பக்கமும் நெரிக்கும் பிடி), பூஸ்டர் (எஞ்சினின் வெற்றிடத்தால் மிதிக்கு வலுச் சேர்ப்பது), மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்குவது) என எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. ஓரளவு கைப்பழக்கம் உள்ளவருக்குப் பொருத்தும் வேலை பெரிய சிக்கலும் இல்லை. வேலை முடிந்து பெடலை மிதிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

காரணம் இது. டிரம்முக்குள் இருக்கும் ஷூவை (உராய்வு லைனிங் ஒட்டிய வளைந்த தகடு) சுழலும் டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிவிடுகிறது. அதனால் குறைந்த ஆயில் அழுத்தத்திலேயே அது நன்றாகப் பிடிக்கும். டிஸ்கை நெரிக்கும் பேடுக்கு அந்த உதவி கிடையாது. எவ்வளவு அழுத்தம் வந்து சேர்கிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. கூடவே, டிஸ்க் காலிப்பரின் பிஸ்டன் டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் அது கேட்கும் ஆயிலின் அளவும் அதிகம். ஆகவே முன்சக்கரங்களில் டிஸ்க் வைப்பது என்பது பெடல் தொடங்கிப் பின்சக்கரம் வரையுள்ள அமைப்பு முழுவதின் கணக்கையும் மாற்றுவதாகும். பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இரண்டில் ஒன்றுதான்: டிரம்முக்குக் கணக்கிட்ட ஏதோ ஒரு பாகம் புதிய அமைப்புக்குள் தங்கிவிட்டது, அல்லது டிஸ்குக்கென வாங்கிய பாகம் இந்த வண்டியின் பெடலோடோ எஞ்சினோடோ பொருந்தவில்லை.

எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் அதிகமில்லை: பிளீடர் நிப்பிள் (ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) துளையில் பொருத்தக்கூடிய 1500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தமானி, எஞ்சினின் வெற்றிட அழுத்தத்தை அளக்கும் மானி, மாஸ்டர் சிலிண்டரின் வாய்களை அடைக்கும் திருகு மூடிகள், ரோட்டரின் நெளிவை அளக்கும் டயல் கேஜ். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகே சக்கரத்தில் கை வைக்க வேண்டும். பழைய டிரம்மைக் கழற்றும்போது உள்ளே படிந்திருக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அதைக் காற்றடித்து ஊதாமல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுக்க வேண்டும்.

பெடல் மெத்தென்று அமுங்குகிறது

இதுவே மிகுதியாக வரும் புகார். பெடல் உறுதியான ஓர் இடத்தில் நிற்காமல், மிதிக்க மிதிக்கத் துள்ளலோடு கீழே போகும். இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் சற்று மேலே வரும். ஆயிலோடு காற்றுக் கலந்திருக்கிறது என்பதே இதன் பொருள். எங்கே, ஏன் தங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் காலிப்பர்களைப் பாருங்கள். இடது காலிப்பரும் வலது காலிப்பரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பக்கம் மாற்றிப் பொருத்தினாலும் போல்ட் ஒழுங்காகவே ஏறும். ஆனால் அப்போது பிளீடர் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று எப்போதும் மேலே ஒதுங்குவதால், நிப்பிள் கீழே இருக்கும் காலிப்பரில் எத்தனை லிட்டர் ஆயிலை ஓடவிட்டாலும் மேல்மூலையில் இருக்கும் காற்று வெளியேறாது. நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்பதை ஒரு நொடியில் பார்த்துவிடலாம். எனவே வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். புதிய மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே வைஸில் மட்டமாகப் பிடித்து, இரண்டு வாய்களிலிருந்தும் குழாய்களை அதன் ஆயில் தொட்டிக்கே திருப்பிவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி ஏர் எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியில் ஏற்றிவிட்டால் உள்ளே இருக்கும் காற்றைச் சக்கரங்கள் வழியாக வெளியேற்றுவது பெரும்பாடு. மாஸ்டர் சிலிண்டர் முன்பக்கம் உயர்ந்து சாய்ந்திருந்தால் அதன் முன்முனையிலும் காற்றுத் தேங்கும். வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தி மாஸ்டர் சிலிண்டரை மட்டத்துக்குக் கொண்டுவந்து ஏர் எடுத்தால் அது வெளியேறும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், கோளாறைப் பாதியாகப் பிரிக்கும் சோதனையைச் செய்ய வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் பைப்புகளைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு வாய்களையும் உலோகத் திருகு மூடிகளால் அடைத்து, பெடலை மிதியுங்கள். பெடல் மேலேயே உறுதியாக நின்றால் மாஸ்டர் சிலிண்டரில் குற்றமில்லை. காற்று அதற்குக் கீழே பைப்பிலோ சக்கரத்திலோ இருக்கிறது. மூடியிட்ட நிலையிலும் மெத்தென்று இருந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று இருக்கிறது, அல்லது அதன் ரப்பர் சீல் பழுது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டரைத் திரும்பத் திரும்ப மாற்றுவோர் பலர். பணத்தை மிச்சப்படுத்தும் சோதனைகளில் இதைவிடச் சிறந்தது வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

காற்றுக் கீழே இருப்பதாகத் தெரிந்தால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட இந்த வண்டிகளில் பின்வலது, பின்இடது, முன்வலது, முன்இடது என்பதே வரிசை. முன், பின் வரிசைகளுக்குப் போகும் ஆயிலை ஒழுங்குபடுத்தும் கூட்டு வால்வு பொருத்தியிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரம் ஷூவின் ஸ்பிரிங் இழுவையை மீறிப் பின்பிரேக் பிடிக்கத் தொடங்கும்வரை முன்டிஸ்குக்குப் போகும் ஆயிலைச் சற்றே தடுத்து வைக்கும் பகுதி ஒன்று அந்த வால்வுக்குள் இருக்கிறது. மெதுவாக மிதித்து ஏர் எடுக்கும்போதும், அழுத்தக் கருவி கொண்டு எடுக்கும்போதும் அது முன்பக்கத்தை அடைத்துவிடலாம். வால்வின் முனையில் உள்ள சிறு பொத்தானை அதற்குரிய கிளிப்பால் திறந்த நிலையில் பிடித்து வைத்தால் ஆயில் தடையின்றி முன்னே போகும்.

காற்றே இல்லாமலும் பெடல் மெத்தென்று தோன்றலாம். ஒருவர் பெடலை அழுத்தமாக மிதிக்க, மற்றவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பூஸ்டர் மாட்டியிருக்கும் தகட்டுச் சுவரைக் கவனிக்கட்டும். துருவேறி மெலிந்த அந்தச் சுவர் முன்னும் பின்னும் அசைந்தால் மிதியின் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது; பின்னால் வலுவான தகடு கொடுத்துத் தாங்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ்கள் அழுத்தத்தில் உப்புவதையும் அதே நேரத்தில் கண்ணால் பார்க்கலாம். புதிய காலிப்பருக்குப் பழைய ஹோஸை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

பெடல் உறுதியாக இருக்கிறது, ஆனால் வெகு கீழே போய்த்தான் பிடிக்கிறது

இதைக் காற்று என்று நினைத்து ஆயிலை வீணாக்குவோர் உண்டு. துள்ளல் இல்லாமல் வெறுமனே தாழ்ந்து நிற்கும் பெடல், எங்கோ ஒரு வெற்று இடைவெளியை நிரப்பிய பிறகே அழுத்தம் உண்டாகிறது என்பதைக் காட்டுகிறது.

பெரும்பாலும் அந்த இடைவெளி பின்டிரம்மில்தான் இருக்கும். எல்லோர் கவனமும் முன்பக்கத்தில் இருக்க, பின்ஷூக்கள் டிரம்மிலிருந்து விலகியே கிடக்கும். ஹேண்ட் பிரேக்கைச் சில பற்கள் போட்டு, பிறகு பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் தெளிவாக மேலே வந்தால் குற்றம் பின்ஷூ சரிசெய்தலில்தான். ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டிரம்மைக் கையால் சுற்றும்போது லேசாக உரசும் அளவுக்கு ஷூக்களைக் கொண்டுவர வேண்டும். பின்பக்கத்துக்கும் டிஸ்க் வைத்து, ஹேண்ட் பிரேக் பொறியைத் தன்னுள்ளேயே கொண்ட காலிப்பரைப் பயன்படுத்தியவர்கள், அந்தக் காலிப்பர் ஹேண்ட் பிரேக்கை இயக்கினால்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை இணைக்காமலே ஓட்டினால் பெடல் நாளுக்கு நாள் தாழும்.

இரண்டாவது இடைவெளி பூஸ்டரின் தள்ளுகம்பிக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் இருப்பது. அது சுமார் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் வெவ்வேறு இடங்களில் வாங்கியவை என்றால் இந்த அளவு தானாக அமையும் என்று நம்புவதற்கில்லை. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் குழி ஆழமாகவும் கம்பி குட்டையாகவும் இருந்தால் பெடலின் முதல் பகுதி வெறுமனே போய்விடும். கம்பியின் முனையில் சிறு களிமண் உருண்டை வைத்து, மாஸ்டர் சிலிண்டரை மாட்டிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

திருப்பத்தில் ஓட்டிவிட்டு வந்ததும் முதல் மிதி மட்டும் தாழ்ந்து, இரண்டாவது மிதியில் சரியாகிவிடுகிறதா? முன்சக்கர பேரிங் தளர்ந்திருக்கிறது. ஹப் ஆடும்போது ரோட்டர் பேடுகளை உள்ளே தள்ளிவிடுகிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை 12 அடி-பவுண்டு வரை இறுக்கி, பிறகு தளர்த்தி, கையால் மட்டும் இறுக்கி, காட்டர் பின்னுக்கு (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) மிக அருகிலுள்ள தளர்ந்த துளையில் நிறுத்த வேண்டும், முடிவில் 0.001 முதல் 0.005 அங்குலம் வரை அசைவு இருக்கலாம். டிரம் பிரேக்கில் இந்தத் தளர்வு பெடலில் தெரியாமலே போயிருக்கும்.

1947 முதல் 1955 வரையிலான பழைய செவ்ரோலெட் பிக்கப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் தரைத்தகட்டுக்கு அடியில் இருக்கிறது. அது காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், வண்டி நிற்கும் நேரத்தில் ஆயில் மெல்லத் திரும்பி வடிந்து, காலையில் முதல் மிதி தாழ்ந்துபோகும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் எச்ச அழுத்த வால்வு ஒன்றை டிஸ்க் வரிசையில் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. மாஸ்டர் சிலிண்டர் மேலே சுவரில் இருக்கும் சி10-க்கு அது தேவையில்லை.

மிதித்துப் பிடித்திருந்தால் பெடல் மெல்ல இறங்குகிறது

ஆயில் எங்கோ நழுவுகிறது. முதலில் வெளிக்கசிவைத் தேடுங்கள்: காலிப்பரில் ஹோஸ் சேரும் துளைபோல்ட்டின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர் இருக்கிறதா, ஸ்டீல் பைப்பின் முனைகள் இரட்டை மடிப்பாக விரிக்கப்பட்டிருக்கின்றனவா, பின்வீல் சிலிண்டரின் தூசி மூடிக்குள் ஈரம் உண்டா என்று பார்க்க வேண்டும். வெளியே ஒரு துளியும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து விலக்கி அதன் பின்முகத்தைப் பாருங்கள். பின்சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்த் தேங்கும், தரையில் தெரியாது. அங்கும் ஈரமில்லை என்றால் உள்சீல் வழியாக ஆயில் பின்னோக்கித் தப்புகிறது. மேலே சொன்ன மூடிச் சோதனை அதை உறுதி செய்யும். இந்த அறிகுறியோடு வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது. 1966 வரையிலான வண்டிகளில் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரே இருந்தது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். 1967-இல்தான் இரட்டை அறை வந்தது. ஆகவே அந்தப் பழைய வண்டிகளில் டிஸ்க் வைப்பவர்கள், வேறு எதை விட்டாலும், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரை விட்டுவிடக் கூடாது.

பெடல் இறுகியிருக்கிறது, வண்டி நிற்கவில்லை

இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெடலின் அச்சிலிருந்து கால் படும் இடம்வரை உள்ள நீளத்தை, அச்சிலிருந்து தள்ளுகம்பித் துளைவரை உள்ள நீளத்தால் வகுத்தால் பெடல் விகிதம் கிடைக்கும். பூஸ்டர் இல்லாத அமைப்புக்கு அது 6-க்கு 1 அளவில் இருக்க வேண்டும்; பூஸ்டர் இருந்தால் 4 முதல் 5-க்கு 1 போதும். காலால் 100 பவுண்டு விசை கொடுத்தால் 6-க்கு 1 பெடல் அதை 600 பவுண்டாக்குகிறது. 1 அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 0.785 சதுர அங்குலம். அழுத்தம் 764 பி.எஸ்.ஐ. வரும். அதே விசையை 1⅛ அங்குலச் சிலிண்டருக்குக் கொடுத்தால் 604 பி.எஸ்.ஐ.தான். ⅞ அங்குலம் என்றால் 1000-ஐ நெருங்கும். டிஸ்க் பிரேக் வலுவாகப் பிடிக்கக் காலிப்பரில் ஏறத்தாழ 900 முதல் 1200 பி.எஸ்.ஐ. வரை வேண்டும் என்பதால், பூஸ்டர் இல்லாத வண்டியில் 1⅛ அங்குல மாஸ்டர் சிலிண்டரை வைத்துவிட்டுப் பெடல் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று மகிழ்வது ஆபத்தானது. சிலிண்டரைச் சிறிதாக்கினால் அழுத்தம் கூடும், பெடல் பயணமும் கூடும். இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. அதை ஈடுகட்டத்தான் பூஸ்டர்.

பெடல் கையில் இரண்டு துளைகள் இருந்தால், அச்சுக்கு அருகிலுள்ள மேல்துளை பூஸ்டர் இல்லாத அமைப்புக்கும் கீழ்த்துளை பூஸ்டருக்கும் உரியவை. பூஸ்டரை மேல்துளையில் மாட்டினால் தள்ளுகம்பி கோணலாக நின்று உரசும், பெடல் பயணமும் நீளும். பூஸ்டர் இல்லாமல் கீழ்த்துளையில் மாட்டினால் கால் நோகும், வண்டி நிற்காது.

பூஸ்டர் இருந்தும் இறுக்கமாக இருந்தால் இப்படிச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதித்து உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, பெடலை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை முடுக்குங்கள். பெடல் சிறிதளவு தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் வரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது. குழாயைப் பூஸ்டர் முனையில் கழற்றி மானியை வைத்து அளந்தால், ஓய்வோட்டத்தில் 18 அங்குலப் பாதரச அளவு கிடைப்பது நலம். வேகத்துக்காக மாற்றப்பட்ட கேம்ஷாஃப்ட் உள்ள எஞ்சின்களில் இது வெகுவாகக் குறைந்திருக்கும். 10 அங்குலம் மட்டுமே வந்தால் பூஸ்டரின் உதவியும் ஏறத்தாழ பாதியாகிவிடும். அந்த எஞ்சினோடு இன்னும் பெரிய பூஸ்டர் வாங்குவதைவிட, மின்சார வெற்றிடப் பம்போ பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் பூஸ்டரோ வைப்பதே முறை. குழாயில் உள்ள ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

அழுத்தமானியைக் காலிப்பரில் பொருத்திப் பார்க்கும்போது 1000 பி.எஸ்.ஐ. வருகிறது, ஆனாலும் பிடிப்பில்லை என்றால் குற்றம் பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவில் இருக்கிறது. புதிய ரோட்டர்களில் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் நன்றாகத் துடைக்காமல் மாட்டினால் பேடு அதைக் குடித்துக் கெட்டுவிடும். அப்படிக் கெட்ட பேடை மாற்றத்தான் வேண்டும். புதிய பேடுகளை ஆளில்லாத சாலையில் மணிக்கு 30 மைல் வேகத்திலிருந்து மிதமாக மிதித்து வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பலமுறை பதப்படுத்த வேண்டும்.

ஓட ஓட முன்சக்கரம் பிடித்துக்கொள்கிறது

புறப்படும்போது சக்கரம் இலகுவாகச் சுற்றும். சில மைல் போனபின் வண்டி தானாகவே வேகம் குறையும், பெடல் உயர்ந்து இறுகும், சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். இது கவனக்குறைவாக விடக்கூடிய அறிகுறி அல்ல. சூடேறிய ஆயில் கொதித்தால் அடுத்த மிதியில் பெடல் தரையைத் தொட்டுவிடும். டாட் 3 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே வண்டியை நிறுத்தி, முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, வரிசையாகப் பிரித்தறிய வேண்டும். காலிப்பரின் பிளீடர் நிப்பிளைச் சற்றே திறவுங்கள். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் தேங்கியிருக்கிறது. விடுபடவில்லை என்றால் குற்றம் இயந்திரப் பக்கம்: காலிப்பர் நழுவும் பின்கள் துருவேறியிருக்கும், பிஸ்டன் சிக்கியிருக்கும், அல்லது ரோட்டரும் காலிப்பரும் வெவ்வேறு அளவாக இருக்கும். 1973 முதல் 1987 வரையிலான ஜிஎம் பிக்கப்புகளில் 1 அங்குலத் தடிமனிலும் 1¼ அங்குலத் தடிமனிலும் ரோட்டர்கள் இருந்தன. பழைய வண்டியிலிருந்து எடுத்த பாகங்களைக் கலந்து பொருத்துவோர் தடிமனை அளந்த பிறகே பேடு வாங்க வேண்டும்.

அழுத்தம் தேங்குகிறது என்று தெரிந்தால், அடுத்த முறை நிப்பிளைத் தொடாமல், மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி அதைச் சிறிது முன்னே விலக்குங்கள். சக்கரங்கள் விடுபட்டால் தள்ளுகம்பி நீளம். பிஸ்டன் முழுமையாகப் பின்னுக்கு வராததால், சூட்டில் விரியும் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறுதுளை அடைபட்டுக் கிடக்கிறது. பெடலை மேலே வரவிடாமல் தடுக்கும்படி பிரேக் விளக்கு ஸ்விட்சைப் பொருத்தியிருந்தாலும் இதுவே நேரும்.

மாஸ்டர் சிலிண்டரை விலக்கியும் விடுபடவில்லை என்றால் பைப்பை அதன் வாயிலேயே தளர்த்திப் பாருங்கள். அங்கே விடுபட்டால் எச்ச அழுத்த வால்வு. டிரம் அமைப்பில் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகள் விரிந்தே இருக்க 10 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் சிறு வால்வு மாஸ்டர் சிலிண்டரின் வாய்க்குள் ஒளிந்திருக்கும். டிரம்முக்கு அது தேவை, டிஸ்குக்கு ஆகாது. இந்த ஜிஎம் காலிப்பரின் பிஸ்டன் விட்டம் 2 15/16 அங்குலம், பரப்பு ஏறத்தாழ 6.8 சதுர அங்குலம், 10 பி.எஸ்.ஐ. என்றால் யாரும் மிதிக்காதபோதே பேடு 68 பவுண்டு விசையோடு ரோட்டரை அழுத்திக்கொண்டிருக்கும். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டு ஓட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த எண்தான். அந்தத் தொட்டி சிறியது என்பது இன்னொரு காரணம்: பேடு தேயத் தேயப் பெரிய பிஸ்டனுக்குப் பின்னால் ஆயில் போய்ச் சேர்வதால் தொட்டியின் மட்டம் இறங்கிக்கொண்டே வரும்.

வாயில் தளர்த்தியும் விடுபடாமல், ஹோஸின் மேல்முனையில் தளர்த்தியபோது விடுபட்டால் இடையிலுள்ள வால்வோ நசுங்கிய பைப்போ காரணம். அங்கும் விடுபடாமல் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுபட்டால் ஹோஸ் உள்ளே உரிந்து அடைத்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும்போது ஹோஸையும், இரண்டும் ஒன்றாகப் பிடிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தையும் முதலில் ஐயப்படலாம்.

பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்கின்றன

காலியான பிக்கப்பின் பின்பக்கம் இலகுவானது. பிரேக் பிடிக்கும்போது எடை மேலும் முன்னோக்கிச் சாய்கிறது. தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் டிரம் அங்கே இருக்கும்போது, முன்டிஸ்குக்குத் தேவையான உயர்ந்த அழுத்தம் அப்படியே பின்னுக்கும் போனால் பின்சக்கரங்கள் பூட்டி, வண்டியின் வால் பக்கவாட்டில் திரும்பிவிடும். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் போகும், ஆனால் வண்டி நேராகவே வழுக்கும்; பின்சக்கரம் பூட்டுவது அதைவிடக் கொடியது. எனவே பின்வரிசையில் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் ஏற்றத்தைக் குறைக்கும் விகித வால்வு கட்டாயம் வேண்டும்.

வால்வு இருந்தும் பூட்டினால், வால்வைக் குறை சொல்வதற்கு முன் டிரம்மைத் திறந்து பாருங்கள். அச்சு சீல் கசிந்து கியர் ஆயில் லைனிங்கில் பட்டிருந்தால் அந்தச் சக்கரம் வெடுக்கென்று பிடிக்கும். குட்டை லைனிங் உள்ள ஷூ முன்பக்கமும் நீள லைனிங் உள்ளது பின்பக்கமும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பிடிப்பும் மாறும். கனரக வண்டியின் பின்அச்சு பொருத்தியிருந்தால் வீல் சிலிண்டரும் பெரிதாக இருக்கக்கூடும்.

திருகிச் சரிசெய்யும் விகித வால்வு வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கூட்டு வால்வுக்குள் ஏற்கெனவே ஒரு விகிதப் பகுதி இருக்கும்போது அதன் பின்னால் இன்னொன்றைத் தொடராக வைக்கக் கூடாது. ஒன்றை நீக்கிவிட்டே மற்றதை வைக்க வேண்டும். சரிசெய்வதை ஆளில்லாத திறந்த இடத்தில், காலி வண்டியோடு, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னதாகப் பூட்டும் நிலையே இலக்கு. நனைந்த தரையிலும் அதைச் சோதித்த பிறகே திருகை விட வேண்டும்.

மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இழுக்கும் பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, மறுபக்கம் பிடிக்கவில்லை. ஆகவே குற்றத்தை மறுபக்கத்தில் தேடத் தொடங்குங்கள்: அடைபட்ட ஹோஸ், சிக்கிய பிஸ்டன், எண்ணெய் பட்ட பேடு, அங்கே மட்டும் தங்கிய காற்று. இரு காலிப்பர்களிலும் ஒரே நேரத்தில் அழுத்தமானி வைத்துப் பார்த்தால் விவாதத்துக்கு இடமே இருக்காது. அழுத்தம் சமமாக இருந்தும் இழுத்தால், ஐம்பது ஆண்டுப் பழைய கண்ட்ரோல் ஆர்ம் புஷ்களைப் பாருங்கள். டிரம் மெதுவாகப் பிடித்த காலத்தில் வெளிப்படாத அவற்றின் தேய்மானம், டிஸ்க் உடனே பிடிக்கும்போது வெளிப்படுகிறது. புதிய ஸ்பிண்டிலின் கூம்புத் துளையில் பழைய பால் ஜாயிண்ட்டோ டை ராடு முனையோ முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். உட்காராததை நட்டை இறுக்கி உட்காரவைக்க முயலக் கூடாது.

பெடல் அதிர்கிறது, சக்கரத்தில் உரசும் சத்தம் கேட்கிறது

அதிர்வுக்கு முதல் காரணம் ரோட்டர் நெளிவு. பேரிங்கைச் சரிசெய்த பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் 0.005 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. புதிய ரோட்டரில் அதிகமாகக் காட்டினால், பேரிங் வெளிவளையம் ஹப்புக்குள் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்குவதும் நெளிவை உண்டாக்கும். டார்க் ஸ்பேனரால் குறுக்குவாட்டு வரிசையில் இறுக்க வேண்டும்.

உரசல் சத்தம் பெரும்பாலும் சக்கரத்துக்கும் காலிப்பருக்கும் நடுவிலிருந்து வருகிறது. டிரம் காலத்து 15 அங்குலச் சக்கரங்களில் சில காலிப்பரைத் தாண்டிப் போகாது. உள்விளிம்பில் ஒட்டிய சமநிலை எடைகூட அதைத் தொடும். சக்கரத்தை மாட்டி, கையால் முழுச்சுற்று சுற்றிப் பார்த்த பிறகே வண்டியை இறக்க வேண்டும். 1970 வரை சி10-க்கு ஆறு போல்ட் சக்கரம், 1971-இலிருந்து ஐந்து. முன்பக்கத்தை மட்டும் ஐந்து போல்ட்டுக்கு மாற்றியவர் இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டியிருக்கும் என்பதால், ஆறு போல்ட் ரோட்டராகத் தேடி வாங்குவது நல்லது. ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, சஸ்பென்ஷன் முழுதும் தொங்கும் நிலையிலும் அமுங்கிய நிலையிலும் ஹோஸ் எங்கும் உரசவோ இழுபடவோ இல்லை என்பதையும் அதே வேளையில் உறுதி செய்யுங்கள்.

பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை

முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் அழுத்த வேறுபாடு வந்தால் கூட்டு வால்வுக்குள் இருக்கும் சிறு பிஸ்டன் ஒரு பக்கம் நகர்ந்து விளக்கை எரியவிடும். ஏர் எடுக்கும் வேலையின்போதே அது நகர்ந்து சிக்கியிருக்கலாம். எந்த வரிசையிலும் கசிவோ காற்றோ இல்லை என்று உறுதியான பிறகு, கடைசியாக ஏர் எடுத்த வரிசைக்கு எதிர்வரிசையில் ஒரு நிப்பிளைத் திறந்து, விளக்கு அணையும்வரை பெடலை மிக மெதுவாக மிதித்தால் பிஸ்டன் நடுவுக்கு வரும். வேகமாக மிதித்தால் நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். ஏர் எடுக்கும்போது ஸ்விட்சைக் கழற்றி, பிஸ்டனைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் திருகை அந்தத் துளையில் போட்டுவைத்தால் இந்த வேலையே வராது. நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் ஓட்டத்தில் விளக்கு மறுபடி எரிந்தால், அது உண்மையான கசிவைக் காட்டுகிறது. விளக்கின் கம்பியைக் கழற்றிவிடாமல், மேலே சொன்ன மூடிச் சோதனையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.